‘கட்டி’ என்றுதான் சொல்லியிருந்தோம்

பெரும்போக அறுவடை முடிந்து சம்மாந்துறை வீதியோரம் நெல் காயப் போட்டிருந்த வாரம், வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்கு முன்னர், உடன்பிறந்த மூத்தவரான என் ராத்தாவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. கல்முனையிலிருந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தோம், நானும் அவருடைய மகளும்.

மருந்து தொடங்குமுன் வைத்தியர் கேட்டார், இதற்கு முன் பெரிய நோய், வருத்தம் ஏதும் வந்ததா என்று.

“ஒண்டுமில்ல டொக்டர். சுகம், அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ராத்தா.

எங்களிடம் அது பதில் அல்ல, மரியாதை. காய்ச்சலில் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அன்று பக்கத்தில் மகள் நின்றாள்.

அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ராத்தாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கொழும்பில் தங்கிக் கீமோ எடுத்தார். ஒரு கட்டியை எடுத்ததாக ஊருக்கும் பிள்ளைக்கும் சொன்னோம். முடி கொட்டிய தலையை முக்காடு மறைத்தது. தாயின் நோயைக் கேள்விப்பட்டால் மகளைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்ற பயம். இப்போது சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ்.

“முந்தி அவக்கு மார்புல கேன்சர் வந்த, டொக்டர்” என்றேன். கீமோ எடுத்த வருடத்தையும் மாதங்களையும் சொன்னேன்.

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள்.

வைத்தியர் நிதானமாக விளக்கினார். அந்த மருந்து எடுத்தவர்களில் மிகச் சிலருக்குச் சில வருடங்கள் கழித்து இந்த நோய் வருவதுண்டு. இவருக்கு அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படி வந்திருந்தால் குணமாக்குவது கடினம். அன்று ஏற்றிய அளவு தெரியாமல் அதே வகை மருந்தை இன்று ஏற்றினால் இதயம் தாங்காமல் போகலாம்.

“அப்ப அந்த மருந்த எடுக்காம உட்டிருந்தா?” என்று ராத்தா கேட்டார்.

“இவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டீங்க, அம்மா.”

வெளியே வந்ததும் மகள் என்னிடம், “கட்டியெண்டுதானே செல்லித் தந்தீங்க, மாமா” என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு யார் சொல்வது என்று ராத்தா முணுமுணுத்தார். நான் வாயெடுக்குமுன் அவளே போனை எடுத்து விறாந்தையின் அந்தக் கோடித் தொங்கலுக்குப் போனாள். “ஓம் மாமி, கேன்சர்தான். முந்தியும் வந்த” என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

பெருநாளைக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அன்று ராத்தா வார்டில், கொழும்பிலிருந்து பழைய அளவைக் கேட்டெடுத்த பின் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மகள் கட்டிலோரம் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள். ஒரு சுளையை வாயில் வைத்துவிட்டு, வாய்ப்புண் எரிய, அவர் அதை அவள் நீட்டிய கையிலேயே துப்பினார்.