புதுத் தாழ்ப்பாள்

இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எங்கள் தையல் கடையில் எனக்குப் பக்கத்து மெஷினில் உட்காருகிறவளுக்கு நடந்தது இது. அவள் புளுகு மூட்டை இல்லை. துணியை நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னால் நாளைக்கே தருகிற ஒரே தையல்காரி அவள்தான்.

கோடை தொடங்கும்போது கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனாள். புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதிர்ந்து பேசாதவன், இவளுக்கு அவன்மேல் உயிர். வீடு அவனுடைய அக்காவுடையது. அக்கா தனிக்கட்டை. போன கோடையில் தோட்டத்தில் வெயில் தாங்காமல் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டாள், வீடு தம்பிக்கு வந்தது. அவ்வளவுதான் இவளிடம் சொல்லியிருந்தான்.

பின்னால் தோட்டம். தக்காளி, மிளகாய், ஒரு பூசணிக் கொடி. சுற்றிலும் உயர்ந்த மதில். போக வர ஒரே வழி, சமையலறைப் பின்கதவு. அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. பிடுங்கிய இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"என்னங்க, தாழ்ப்பாள் எங்க?"

"வேணாம்னு எடுத்துட்டேன்."

"பூனை வந்து பாலைக் குடிச்சிட்டுப் போகுது."

"குடிச்சிட்டுப் போகட்டும்."

அவன் தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. தண்ணீர் விடுவதெல்லாம் இவள்தான். சுருட்டி வைக்கிற ஹோஸ் பைப், மறுநாள் அவிழ்ந்து பின்கதவு வரை வந்து கிடக்கும். கதவின் வெளிப்பக்கம், கீழே, மண் கறை. துடைத்தால் போகும். அடுத்த மத்தியானம் மறுபடி இருக்கும். பூனை வேலை என்று நினைத்தாள். பூனைக்கு அத்தனை நீள விரல் ஏது என்று அப்போது உறைக்கவில்லை, பாவம்.

பூனைத் தொல்லை பொறுக்காமல், அவனிடம் சொல்லாமலே ஒரு தாழ்ப்பாள் வாங்கித் தானே பொருத்தினாள். திருப்புளி பிடிக்கத் தெரிந்தவள்.

மறுநாள் விடுமுறை. உச்சி வெயில். தோட்டத்தில் குழாய் கொட்டும் சத்தம். இவள் கையெல்லாம் எண்ணெய்.

"கொஞ்சம் போய் மூடிட்டு வாங்களேன்."

முனகிக்கொண்டே போனான். செருப்புகூடப் போடவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

டக்.

தாழ்ப்பாள்... உள்பக்கத் தாழ்ப்பாள்... தானாக விழுந்தது.

ஓடிப்போய் இழுத்தாள். அசையவில்லை.

அவன் தட்டினான். "கதவைத் திற... கால் சுடுது..."

கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

காதோரம் ஒரு பெண் குரல். சாவகாசமாக.

"தட்டட்டும்."

தட்டினான்.

"இன்னும் கொஞ்ச நேரம் தட்டட்டும்."

சத்தம் தேய்ந்தது. கதவின் கீழே நகம் பிறாண்டியது...

பிறகு அதுவும் இல்லை.

தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

இவளுக்கு ஐந்து நிமிடம் போலத்தான் இருந்தது. கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. அவன் படியில் சுருண்டு கிடந்தான், உதடு வெடித்து. அத்தனை நேரமும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதே... மண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்ததும், தன் காதில் விழுந்ததை அப்படியே சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"வீட்டை எழுதித் தர மாட்டேன்னுட்டா அக்கா. பயமுறுத்தலாம்னு, அவ தோட்டத்துல இருந்தப்ப தாழ்ப்பாள் போட்டேன். ஃபோன்ல என்கூடப் பேசிட்டிருந்தவன், அவ தட்டுறதைக் கேட்டு என்ன சத்தம்னான். அவன்கிட்ட நான் சொன்னதுதான் அது. வார்த்தை மாறாம."

இவள் கட்டிலை விட்டு விலகி நின்றாள்.

"கனமான கதவு. வெளிய நின்ன அக்காவுக்கு அது கேட்டிருக்காதுன்னுதான் இத்தனை நாளும் நெனச்சிட்டிருந்தேன்."