அம்பது வரி

பேராச்சிக்கு வரி என்றால் கோயில் வரிதான். தாராவியில் அவள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய அம்மன் கோயிலில் கொடை நெருங்கும்போது, வீட்டுக்கு இவ்வளவு என்று கமிட்டி வரி போடும். போட்ட அன்று சந்தெல்லாம் சத்தமாக இருக்கும். முடியாது என்பார்கள், போன வருசம் மிச்சம் என்ன ஆச்சு என்பார்கள், கமிட்டித் தலைவர் குடும்பத்தையே இழுத்துப் பேசுவார்கள். ஆனால் பந்தலுக்குக் கால் நாட்டுவதற்குள் எல்லாம் படிந்துவிடும். இல்லாதவனுக்குக் குறைப்பார்கள். அதுவும் முடியாதவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சேர்த்துப் போடுவான். வரிக்காக மேளம் நின்றதை அவள் பார்த்ததில்லை.

அதனால் ஆவணி மாதத்தில், அவள் வேலை பார்க்கும் தோல்பைக் கார்கானாவுக்குள் முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் வந்து, "அமெரிக்காக்காரன் அம்பது வரி போட்டுட்டான்" என்று சொன்னபோது, அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பைக்கு அம்பது ரூபாய் என்று எடுத்துக்கொண்டாள்.

அமெரிக்காவுக்குப் போகும் தோல் பைகளின் வெட்டு விளிம்புக்குக் கறுப்புச் சாயம் பூசுவது அவள் வேலை. புருசன் செத்த வருசத்தில் அங்கே சேர்ந்தாள். பையை இடது கையில் பிடித்து, சாயம் வழிகிற இடத்தை அந்தக் கை ஆள்காட்டி விரலால் வழித்துவிடுவாள். அந்த நகம் கறுப்பாகவே இருக்கும். எண்ணெய் தேய்த்தாலும் போகாது. தேர்தலுக்குத் தேர்தல் மை வைக்கிறவர்கள் அந்த விரலைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்து, ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறாயா என்று கேட்பார்கள். அவள் வெட்கத்தில் பேசாமல் நிற்பாள்.

ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துப் பை வாங்குகிற சீமாட்டிக்கு இன்னொரு அம்பது ரூபாய் கனக்குமா என்று நினைத்தாள். பாயிடமே கேட்டிருக்கலாம். தையல் மிஷினில் இருந்த ஷாகிர் கேட்டான், பாயும் இந்தியில் ஏதோ விளக்கினார். பேராச்சி ஆண்கள் பேசும்போது தலை தூக்குகிறவள் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வாயைத் திறந்து கேட்பதைவிட, முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவள் பழக்கம். பாய் முகம் வாடியிருந்தது. கொடைச் சமயத்தில் கமிட்டித் தலைவர் முகமும் இப்படித்தான் இருக்கும்.

அந்த வாரம் தம்பி இசக்கிதுரை விளாத்திகுளம் பக்கத்திலிருந்து போன் பண்ணினான். அவனுக்கு மானாவாரிக் காட்டில் பருத்தி வெள்ளாமை. விலை ஏறட்டும் என்று எடுத்த பருத்தியை வீட்டுக்குள் அடைத்து வைத்து, அதன் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எக்கா, வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த வரிய எடுத்துட்டானாம். மில்லுக்காரன் கப்பல்ல இறக்குதான். கமிஷன் கடைக்காரன் நம்ம பருத்தியக் கையில எடுத்துக்கூடப் பாக்க மாட்டேங்கான்."

"வரிய எடுத்தா நல்லதுதானல?"

"எடுத்தவனுக்கு நல்லது. எனக்கு எங்க நல்லது?"

பிறகு அவன் மெதுவாக விசயத்துக்கு வந்தான்.

"சோலார் கம்பெனிக்காரன் காட்டைக் கேக்கான். முப்பது வருசக் குத்தகை. குடுத்தா பிறகு நம்ம காலத்துல திரும்ப வராது. குடுத்துட்டு அங்க வந்தா, பாய் என்னையச் சேத்துக்கிடுவாரா? முன்ன அங்க தோல் வெட்டுனவன்தான நான். ஆனா அமெரிக்கா வரி அது இதுன்னு டிவியில சொல்லுதானே?"

"அது அம்பது ரூவா வரிதாம்ல. பேசித் தீத்துக்கிடுவாங்க. நீ வா."

அவள் இவ்வளவு உறுதியாக யாருக்கும் எதையும் சொன்னதில்லை. சொன்ன பிறகு கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இசக்கிதுரை காட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பருத்தியை வந்த விலைக்குத் தள்ளினான். தாதரில் வந்து இறங்கியபோது அவன் தோள்பையில் இரண்டு சட்டையும், துணியில் சுற்றிய பழைய தோல் வெட்டும் கத்தியும் இருந்தன. பேராச்சியின் மகள் கலைச்செல்வி போய் மாமாவை அழைத்து வந்தாள். வீட்டிலிருந்த பேராச்சியையும் கூட்டிக்கொண்டு மூவருமாகக் கார்கானாவுக்குப் போனார்கள்.

முந்தின நாள் வரை ஓடிய மிஷின்களை பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்திருந்தார்கள். பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்குக் கட்டிய பைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அனுப்ப வேண்டாம் என்று அங்கிருந்து அன்று காலையில் சொல்லிவிட்டார்களாம்.

"வாங்க தம்பி, டீ குடிங்க" என்றார் பாய். பிறகு பேராச்சியைப் பார்த்தார். "ஏம்மா, ஊர்லேந்து ஆளக் கூப்பிடுறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்படாதா? இருக்கிற ஆளுக்கே நாளைலேந்து வேலை இல்ல."

"அம்பது ரூவாதான பாய்" என்றாள்.

பாய் சிரிக்கவில்லை. கலைச்செல்விதான் தலையில் கை வைத்தாள். "அம்மா, அம்பது ரூபா இல்ல, அம்பது பர்சன்ட். நூறு ரூபா மாலுக்கு அம்பது ரூபா டேக்ஸ். பை வாங்குற அந்த பார்ட்டி இனிமே வேற தேசத்துலதான் மால் எடுப்பான். துணி மில்லுக்காரங்களுக்கும் இதே அடிதான். அவங்களச் சமாளிக்கத்தான் இங்க பஞ்சு மேல இருந்த டேக்ஸை எடுத்தாங்களாம்."

இசக்கிதுரை டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி சிரித்தான். "அங்க பஞ்சு வரிய எடுத்தான், நான் போனேன். இங்க பைக்கு வரியப் போட்டான், நீ போன. நம்ம ரெண்டு பேரையும் அந்த அமெரிக்காக்காரன் ஒரே ஆளு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான்க்கா."

அக்காவை அவன் ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவள் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். கத்தி சுற்றிய துணியை அவிழ்க்காமலே குர்லாவில் தகர டப்பா ஏற்றி இறக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டதும் ஐரோலியில் ஒரு கம்பெனிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனான். பேராச்சியை பாய் முதலில் எப்போதாவது கூப்பிட்டார். பிறகு அதுவும் இல்லை. இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

தை பிறக்கும் நேரத்தில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. பக்கத்துச் சந்து சுஷ்மா, தாராவியிலேயே பிறந்து தமிழ் பழகிய மராட்டிக்காரி, துண்டுச்சீட்டோடு வந்தாள்.

"பேராச்சி அக்கா, இந்த தடவ நம்ம நிஷானி, இந்தச் சின்னத்துக்குத்தான் போடணும். தண்ணி டைமுக்கு வரும், சாக்கடை சாஃப் பண்ணுவாங்க, புதுக் கட்டடத்துல ரூம் குடுக்குற விஷயமும் பேசுவாங்க."

"வரியப் பத்தி?" என்றாள் பேராச்சி.

சுஷ்மா நிமிர்ந்து பார்த்தாள். பேராச்சி எதிர்க்கேள்வி கேட்டு அவள் பார்த்ததே இல்லை. "எந்த வரி? வீட்டு வரியா?"

"அமெரிக்கா வரி."

"அரே, அதுக்கு நம்ம வார்டு கார்ப்பரேட்டர் பாவம் என்ன பண்ணுவாரு? அது டில்லி விஷயம்."

"டில்லிக்காரங்க எடுத்துருவாங்களா?"

"அவங்க எங்க எடுக்குறது? போட்டவன்தான் எடுக்கணும். அவன மாத்தணும்னா நீ அமெரிக்கா போயி ஓட்டுப் போடு." சிரித்துக்கொண்டே பேராச்சியின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

துண்டுச்சீட்டில் இருந்த படத்தைப் பார்த்தபடி பேராச்சி நின்றாள். அமெரிக்காவிலும் எவளோ ஒருத்தி, மூடின மில்லைத் திறப்பான் என்று நம்பி, வரி போட்ட அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டிருப்பாள். அவள் மேல் கோபப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை. கோயில் வரி என்றால் கமிட்டி முன்னால் போய் நின்று குறையுங்கள் என்று கேட்கலாம். இதற்கு எந்த வாசலில் போய் நிற்பது?

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று இசக்கிதுரை போன் பண்ணினான். அவன் ஓட்டு ஊரில் இருக்கிறது.

"போட்டியாக்கா? யாருக்கு?"

"தண்ணி விடுதேன்னவனுக்கு."

"சரி, தண்ணியாவது வரட்டும். நம்ம காட்டுல சோலார் கண்ணாடி பதிக்க ஆரம்பிச்சுட்டானாம். கருவ மரத்தையெல்லாம் வாரி எடுத்துட்டான். இங்கயும் கண்ணாடிக் கட்டடம்தான். அதுக்குத்தான் நான் காவல்."

"ஏல, என் பேச்சக் கேட்டு..." என்று தொடங்கினாள்.

"நீ சொல்லாட்டியும் வந்திருப்பேன்க்கா" என்றான்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். போனை வைத்தார்கள்.

பாத்திரம் தேய்க்கக் கிளம்பும்போது கையைப் பார்த்தாள். ஓட்டுச் சாவடியில் இருந்த பெண் அவள் இடது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, போ என்று தலையசைத்திருந்தாள். இந்தத் தடவை அந்தப் பெண் விரலைத் தேய்த்துப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. நகம் அவ்வளவு வெள்ளையாக இருந்தது.