சாக்லேட் டப்பாவில் போன பாலன்ஸ் வீல்

1. பையை உதறுவது

குன்னூரில் கூரியர் கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கிடைத்த வேலை காலிப் பைகளை உதறுவது. கீழே இருந்து பார்சல் வரும் பெரிய சாக்குப் பைகள் அவை. காலி செய்து, எண்ணி, மடித்து அடுக்கினேன். முதலாளியம்மா பரமேஸ்வரி வந்து பார்த்தார். அவர் காரமடைக்காரர்.

"ஏனுங்க சிவலிங்கம், எண்ணி வெச்சாப் போதுமுங்களா? உள்பக்கத்த வெளியத் திருப்பி உதறோணுமுங்க."

உதறினேன். மூன்றாவது பையின் மூலைத் தையலில் இருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பொட்டலம் கீழே விழுந்தது. முதலாளியம்மா அதை எடுத்து முகவரியைப் படித்தார்.

"இதுக்காக அந்தப் பார்ட்டி நாலு தடவ வந்துட்டுப் போயிட்டாருங்க. நாமதான் திருடிட்டோம்னு நடுக்கடையில நின்னு சத்தம் போட்டாரு. இது பாருங்க, மூலையில சொகமாத் தூங்கிட்டிருக்குது."

இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அன்று தெரிந்துகொண்டது இன்றைக்கும் சரிதான். சின்னப் பார்சலுக்குத் திருடன் தேவையில்லை. அது தானாகவே தொலைந்துவிடும். பின்னாளில் நான் செய்த தவறுக்கும் இந்தப் பாடம்தான் காரணம் ஆனது.

2. பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில்

எங்கள் கவுண்டரில் காலையில் கூட்டம் இருக்கும். மாலை வண்டி கிளம்புவதற்கு முன்பு கூட்டம் இருக்கும். நடுவில் மூன்று மணி நேரம் யாரும் வரமாட்டார்கள். மழை மாதங்களில் எதிர்க்கடையே பனியில் தெரியாது. அந்த நேரத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தாலும் எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, பத்தாவது வரை படித்தேன். அப்பாவும் அம்மாவும் காலமாகி, இப்போது மேல் ரோட்டில் ஒற்றை அறையில் இருக்கிறேன்.

ஒருநாள் என் சாவி வாட்ச் நின்றுபோனது. பஜாரில் பேட்டரி மாற்றித் தருகிறவர்கள் உண்டு, சாவி வாட்சைத் திறக்கிறவர் யாரும் இல்லை. போனில் வீடியோ பார்த்து நானே திறந்தேன். கெடுத்தேன். பிறகு சரி செய்தேன். அப்படித்தான் இது தொற்றிக்கொண்டது. பழைய வாட்ச் பழுது பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் சேர்ந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். யாருக்கும் இது தொழில் இல்லை. ஒருவரிடம் டயல் இருக்கும், இன்னொருவரிடம் முள் இருக்கும். பார்ட்ஸ் ஊர் ஊராகப் பார்சலில் போய்க்கொண்டே இருக்கும். நான் கூரியரில் இருப்பதால் எப்படி அனுப்புவது என்று என்னிடம் கேட்பார்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்வேன். எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இதில் திண்டுக்கல் பீட்டர் எனக்கு நெருக்கம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடமாக நாங்கள் பார்ட்ஸ் மாற்றிக்கொள்கிறோம். ஜெராக்ஸ் எடுத்துப் பாழான தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி ஒவ்வொரு பார்சலிலும் வைப்பார். "மழை எப்படிண்ணே?" என்று இருக்கும். "வாழைப்பழத்துக்கு இப்ப சீசன், உங்களுக்குத்தான் அனுப்ப வழியில்ல" என்று இருக்கும். அந்தத் தாள்களை எல்லாம் நான் வைத்திருக்கிறேன். ஆனால் போன நவம்பர் வரை அவர் குரலை நான் கேட்டதில்லை.

3. மலைக்காரன் புத்தி

போன அக்டோபர் கடைசியில் பீட்டர் ஒரு பாலன்ஸ் வீல் அனுப்பினார். வாட்சுக்குள் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும் சக்கரம் அது. அதன் நடு அச்சு முறிந்திருந்தது. வாட்ச் அவர் மனைவி ஸ்டெல்லாவுடையது. ஸ்டெல்லா நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி, வருடக்கணக்காக அதைப் பார்த்துத்தான் நாடி பிடித்திருக்கிறார். நவம்பர் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். "கடைசி டியூட்டிக்கு அதைக் கட்டிக்கிட்டுப் போகணும்ங்கிறா. முடியுமாண்ணே?" என்று தாளில் எழுதியிருந்தார்.

லேடீஸ் வாட்ச் அச்சு தலைமுடி கனம்தான் இருக்கும். அதற்குச் சரியான அச்சு என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு மாற்றினேன். சக்கரம் தள்ளாடாமல் சுற்றியது.

பிறகு பேக்கிங். விரல்நகம் அளவு டப்பியில் பாலன்ஸை வைத்தேன். அந்த டப்பியை டிஷ்யூ காகிதம் திணித்து, என்னுடைய காலியான தைராய்டு மாத்திரை பாட்டிலுக்குள் அடக்கினேன். பாட்டில் சின்னது, பை மூலையில் சிக்கிவிடும். பெரிய டப்பாவில்தான் போக வேண்டும். மேலே வாட்ச் பார்ட் என்று எழுதக்கூடாது, எழுதினால் கை வைப்பார்கள். இவ்வளவும் சரியாகத்தான் யோசித்தேன்.

மலையிலிருந்து கீழே எதை அனுப்பினாலும், கூடவே ஒரு வர்க்கி பிஸ்கட் பாக்கெட்டோ சாக்லேட்டோ வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். கரண்ட் ஆபீசுக்குப் போகிற ஃபைலோடுகூட வர்க்கி போனதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெல்லாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. அரைக்கிலோ முந்திரி சாக்லேட் வாங்கினேன். அந்தக் கடை டப்பாவிலேயே, சாக்லேட்டுக்கு நடுவில் பாட்டிலைப் பதித்து வைத்தேன். டப்பா மேலேயே முகவரி ஸ்டிக்கரை ஒட்டி, டேப் சுற்றினேன்.

வாட்சைத் திருடுவார்கள், சாக்லேட்டை யார் திருடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் பஜாரில் இரண்டு கடைக்கு ஒரு கடை சாக்லேட் கடை. நாங்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மலையிறங்கிப் பர்லியார் தாண்டினால் அதற்கு வேறு மதிப்பு என்பது எனக்கு உறைக்கவில்லை.

4. நான்கு நாள்

டிராக்கிங்கில், மலைப் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் கோவை ஹப்புக்கு வந்து சேர்ந்தது வரை காட்டியது. அதற்குப் பிறகு ஒரு ஸ்கேனும் இல்லை. நான் ஹப்புக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை.

நான்காம் நாள் பீட்டர் குரூப்பில் கேட்டார். "சிவாண்ணே, பார்சல் இன்னும் வரலையே. பார்த்தீங்களா?"

நான் பதில் எழுதுவதற்குள் ஒருவர் எழுதினார். "கூரியர் ஆபீஸ்காரர் அனுப்புன பார்சலே காணோமா? அவர் மேசை டிராயரை ஒரு தடவ தொறந்து பார்க்கச் சொல்லுங்க." பக்கத்தில் சிரிக்கிற பொம்மை. இன்னும் மூன்று பேர் அதே பொம்மையைப் போட்டார்கள்.

விளையாட்டுக்குத்தான் எழுதியிருப்பார். ஆனால் என்னிடம் ரசீது இருந்தது, டிராக்கிங் நம்பர் இருந்தது, பேக் செய்தபோது எடுத்த படம் மட்டும் இல்லை. பாட்டிலை உள்ளே வைத்ததற்கு என் வார்த்தையைத் தவிர சாட்சி கிடையாது. நான்கு வரி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். நான்கு நாள் இப்படியே போனது. நடுவில் பீட்டர் நம்பரிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. மேசையில் வைத்து, அது அடித்து ஓய்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நிச்சயமாக நம்பினேன்.

அந்த நாற்பது பேரை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. அவர்கள் நடுவில் என் பெயர் போகிறது. மாதக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

முதலாளியம்மாவிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீங்களா வாயத் தொறந்து லீவு கேக்கறது இதுதானுங்க மொதத் தடவ. பொண்ணு கிண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஹப்புக்குங்க."

"அதானே பாத்தேன். லீவு போட்டும் ஆபீசுக்கே போற ஆளு நீங்க ஒருத்தருதானுங்க."

5. ஹப்

காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன். மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஹப் என்பது கோவைக்கு வெளியே ஒரு பெரிய தகரக் கொட்டகை. இன்சார்ஜ் நாகராஜை எனக்குப் பையோடு வரும் பார்சல் பட்டியலில், மேனிஃபெஸ்ட் தாளில், கையெழுத்தாகத்தான் தெரியும். விஷயத்தைச் சொன்னேன்.

"சாக்லேட் டப்பாவுங்களா?" என்றார். "அப்படியேவா? மேல ஒரு பிரவுன் கவர் கூடப் போடாமயா?"

"டேப் சுத்தியிருந்தேனுங்க."

"ஏனுங்க, நீங்களும் இதே வேலைதான பாக்கறீங்க? ஊட்டி சாக்லேட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கற டப்பாவ இங்க அனுப்பினா, அது எங்களுக்குன்னு நெனைக்க மாட்டோமுங்களா?"

பக்கத்தில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ரசீதை அவர் முன்னால் நீட்டினேன். அங்கேயே நின்றேன். நான் போகமாட்டேன் என்று தெரிந்ததும் நாகராஜ் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "கவிதாக்கா, அந்த ஓனர் இல்லாத பெட்டிய எடுத்தாங்க."

முகவரி கிழிந்துபோன சாமான்களைப் போட்டு வைக்கிற அட்டைப்பெட்டி அது. கவிதா என்பவர் சார்ட்டிங்கில் வேலை செய்கிறவர். பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சாவிக் கொத்துகள், கூடு இல்லாத மூக்குக் கண்ணாடி, ஒற்றைக் கொலுசு, யாருடையதோ கல்யாணப் போட்டோ. அடியில் என் மாத்திரை பாட்டில் இருந்தது. "காலை வெறும் வயிற்றில்" என்று மருந்துக்கடைக்காரர் பேனாவில் எழுதியது அப்படியே இருந்தது.

"உங்களுதுங்களா?" என்றார் கவிதா. "எங்கம்மாவும் இந்த மாத்திரைதானுங்க சாப்பிடறாங்க. ஒருநாள் விட்டாலும் அவங்களுக்கு ஆகாது. யாராவது தேடிட்டு வருவாங்கன்னு எடுத்து வெச்சேன்."

"தொறந்து பாத்தீங்களா?"

"மருந்து பாட்டில எதுக்குங்க தொறக்கறது? குலுக்கிப் பாத்தேன், சத்தமில்ல. மாத்திரை நெறைய இருக்குது போலன்னு வெச்சுட்டேன்."

திறந்தேன். டிஷ்யூ, அதற்குள் டப்பி, அதற்குள் பாலன்ஸ் வீல். என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பியைச் சாய்த்துப் பார்த்தேன். அச்சு நேராக இருந்தது. உடனே மூடிவிட்டேன்.

"சாக்லேட்டுங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

கவிதா நாகராஜைப் பார்த்தார். நாகராஜ் மின்விசிறியைப் பார்த்தார். அதைப் பார்த்தபடியே, "முந்திரி போட்டதுங்களா அது?" என்றார்.

6. போன்

கொட்டகைக்கு வெளியே லாரி நிழலில் நின்று பீட்டருக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

"சிவலிங்கம் பேசுறேனுங்க. குன்னூர்."

 "அண்ணே, நீங்களா? நெசமாவா?" என்றார். "ஸ்டெல்லா, சிவாண்ணன் பேசுறாருடி. ஆறு வருசமா இந்த மனுசனுக்குப் பேச்சே வராதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

"பாலன்ஸ் கெடச்சிருச்சுங்க. ஹப்புல இருந்தது. நான் வெச்சு அனுப்பினேனுங்க, ஆனா படம் எடுக்காம விட்டுட்டேன், அதனால..."

"அது கெடக்கட்டும்ணே. நீங்க எங்க போனீங்க? நாலு நாளா குரூப்ல ஒரு வார்த்தை இல்ல. போன் போட்டா எடுக்கல. தனியா இருக்கிற மனுசன், உடம்புக்கு என்னமோன்னு இவ பயந்துட்டா. குன்னூர்ல தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்களான்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கா."

ரசீதின் பின்பக்கம் எழுதியிருந்ததில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"அந்த டிராயர் பேச்சுக்கா இப்படி இருந்தீங்க? அவனை நான் அன்னிக்கே கூப்பிட்டு வஞ்சிட்டேண்ணே," என்றார். "கோயமுத்தூர்லதான நிக்கிறீங்க? பஸ் ஏறுங்க. நாலு மணி நேரம். நேர்லயே கொண்டாந்து குடுங்க. மீன் வாங்கி வைக்கச் சொல்றேன்."

"லீவு இல்லைங்க," என்றேன். மறுநாளும் எனக்கு லீவு இருந்தது.

அந்த இடத்திலேயே பேக் செய்தேன். நாகராஜே நல்ல அட்டைப்பெட்டி ஒன்று எடுத்துக் கொடுத்து, பையில் போடுவதையும் தன் கையால் செய்தார். மூன்றாம் நாள் பார்சல் போய்ச் சேர்ந்தது, பீட்டரே சக்கரத்தை வாட்சில் பொருத்தினார். மாதக் கடைசியில், கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்தில் பீட்டர் கூப்பிட்டார். எடுத்தேன். "இவ டியூட்டிக்குக் கெளம்புறாண்ணே. இந்தா, கேளுங்க" என்று வாட்சைப் போனில் வைத்தார். லேடீஸ் வாட்ச் ஓடுகிற சத்தம் போனில் எங்கே கேட்கும்? ஸ்டெல்லாவின் வளையல் சத்தம்தான் கேட்டது.

"கேக்குதுங்க," என்றேன்.

7. பார்ட்ஸ் அனுப்பும் இளையவர்களுக்கு

குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

சின்னப் பொருளைப் பெரிய பெட்டியில் வையுங்கள், ஆனால் எழுத்து எதுவும் அச்சிடாத சாதாரணப் பெட்டியாக இருக்கட்டும். வாட்ச் என்றும் எழுத வேண்டாம், தின்பண்ட டப்பாவும் வேண்டாம். மலையில் இருப்பவர்கள் இரண்டாவதை ஒரு தடவைக்கு இரு தடவை படியுங்கள். வர்க்கி கொடுக்க ஆசையாக இருந்தால் அதைத் தனிப் பார்சலாக அனுப்புங்கள், வழியில் யாராவது சாப்பிட்டாலும் போகட்டும். பேக் செய்யும்போது திறந்த பெட்டியை ஒரு படம், மூடியதை ஒரு படம் எடுங்கள். எஸ்டேட்டில் இருக்கிறவருக்கு அனுப்பினால் எஸ்டேட்டின் எந்தப் பகுதி, அதாவது டிவிஷன், என்பதோடு போன் நம்பரும் எழுதுங்கள், ஒரே லைனில் நான்கு ராஜா இருப்பார்கள். அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவர் முகவரியையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயும் வையுங்கள். மேல் ஸ்டிக்கர் கிழிந்தால் அந்தச் சீட்டுதான் பேசும். நான் அதைப் பாட்டில்மேல் சுற்றி வைத்திருந்தால், அந்தப் பாட்டில் ஓனர் இல்லாத பெட்டிக்குப் போயிருக்காது.

பார்சல் வரவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து பேசுங்கள். தொலைந்த பார்சலால் பீட்டருக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. நான் பேசாமல் இருந்ததுதான் அவர்கள் வீட்டில் நான்கு நாள் கவலையாக இருந்திருக்கிறது.

அந்த இரண்டாவது நாள் லீவை நான் எடுக்கவில்லை. பஸ் ஏறித் திரும்பி வந்து, மறுநாள் கவுண்டரில் உட்கார்ந்து பைகளை உதறினேன். திண்டுக்கல்லுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பார்சலுக்குள் வைக்கும் சீட்டில், என் பெயருக்கும் நம்பருக்கும் கீழே இப்போது ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன்: போன் செய்தால் எடுப்பேன்.