அம்மா பொத்திய ஆமென்

உப்பும் கருவாடும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு மணம் உண்டு. எங்கே அது வந்தாலும் இப்போதும் எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றுபோகும், ஏனென்றால் அது அம்மாவின் உள்ளங்கை மணம். வீடு நிறையச் சனம் முழந்தாளில் இருந்த ஒரு பின்னேரத்தில், செபம் முடிகிற அந்த இடத்தில், அந்தக் கை பின்னால் இருந்து வந்து என் வாயை இறுகப் பொத்தியது. ஐயோ, அன்றைக்கு அந்த வீடு திகைத்த திகைப்பு! அது விளங்க வேண்டுமானால், எங்கள் வீட்டில் செபம் எப்படி முடியும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மன்னார்த் தீவின் வடகரையில் எங்கள் வீடு. பொழுதுபட்டதும் அப்பா செபமாலை தொடங்குவார். இடையில் யார் தூங்கி விழுந்தாலும் காணாதவர்போல் இருப்பார். கடைசி ஆமெனில் மட்டும்தான் அவருக்குக் கண்டிப்பு. வீட்டில் ஆகச் சின்னவர் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதன் பிறகே மற்றவர்கள் சொல்லலாம் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "கட்டுறது". "இண்டைக்கு ஆர் கட்டுறது?" என்று ஒன்றும் தெரியாதவர்போல அப்பா கேட்பார். கடைக்குட்டியான நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "ஆமென்" என்று கத்துவேன். பிறகுதான் சோறு. பசி கூடிய நாட்களில் அவர் முடிக்குமுன்பே கட்டிவிட்டுக் குட்டு வாங்கியதும் உண்டு.

"என்ன கேக்கிறம் எண்டு தெரியாமல் ஆமென் சொல்லக்கூடாது பிள்ளை. அது அப்பிடியே ஆகட்டும் எண்டுற சொல்லு. வலைக்கு முடிச்சு மாதிரி, போட்டால் போட்டதுதான்" என்பார். அது எபிரேயச் சொல், உறுதி என்று பொருள் என்றெல்லாம் குருவானவர் பிரசங்கத்தில் சொன்னார்தான். எனக்கு ஏறியது அப்பாவின் முடிச்சுத்தான்.

வாடைக்காற்று எழும்பிய ஒரு கார்த்திகையில், நவம்பர் தொடக்கத்தில், அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாகப் போயிருந்தார். ஊர்ப் படகுகள் எல்லாம் தேடின. அவர் தண்ணீர் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கான் மட்டும் கரையொதுங்கியது. ஊரே அதைப் பார்த்து அழுதது. அம்மா அதைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, கதவுக்குப் பின்னால் வைத்தார். "வந்த உடனே விடாய்க்கும்" என்றார்.

எங்களிடம் கருவாடு வாங்கும், பக்கத்துத் தாராபுரத்து முஸ்லிம் முதலாளி ஒரு நாள் வந்தார். வாசலில் நின்றபடியே இரண்டு கைகளையும் ஏந்தி, அப்பா சுகமாக வந்துசேர வேண்டும் என்று துஆ கேட்டு, "ஆமீன்" என்று முடித்தார். அம்மா என் முதுகில் தட்டி, "கட்டு பிள்ளை" என்றார். கட்டினேன்.

கிழமைகள் போயின. ஒரு பின்னேரம் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், கோயில் மூப்பரையும் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். குருவானவர் இல்லாத வேளைகளில் ஊரில் செபம் நடத்துகிறவர்தான் மூப்பர். "மரிச்ச ஆத்துமாக்களின்ர மாசம், இந்தக் கார்த்திகை, முடியப்போகுது. செபமில்லாமல் என்ர தம்பி கடலில அலையக்கூடாது" என்றார் பெரியப்பா. அழுதழுது அவர் கண் வீங்கியிருந்தது; அவரில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவின் கலியாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கதிரையில் சாய்த்து வைத்து, முன்னால் மெழுகுதிரி ஏற்றினார். நாளையிலிருந்து தேடப் போக வேண்டாம் என்றும் படகுக்காரருக்குச் சொல்லிவிட்டார். அம்மா கருவாட்டுக் கையோடு வந்து என் பின்னால் முழந்தாளிட்டார். சம்மதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அது மரித்தவர்களுக்கான செபம். மூப்பர் சொல்லச் சொல்லச் சனம் பதில் சொன்னது. கடைசியில், "சமாதானத்தில் இளைப்பாறக்கடவது" என்று அவர் நிறுத்தினார். வழக்கம் தெரிந்த சொந்தக்காரர் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டினால் அப்பா செத்துப்போவார்! அப்படித்தான் அந்த வயதில் எனக்கு விளங்கியது. ஆனால் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கை வந்தது.

"அவள் கட்டமாட்டாள்" என்றார் அம்மா.

"என்ன பிள்ளை இது, செபத்துக்குள்ள?" என்றார் பெரியப்பா.

"பெரியத்தான், அவர் செத்த முகத்தை நீங்கள் கண்டனீங்களோ?"

"காணேல்லை. அதுக்காக…"

"நானும் காணேல்லை. காணாத சாவுக்கு, அப்பிடியே ஆகட்டும் எண்டு என்ர பிள்ளையின்ர வாயால வரக்கூடாது. மிச்சமெல்லாம் சொல்லிப்போட்டியள். அது ஒண்டு மட்டும் இந்த வீட்டில கேக்கக்கூடாது."

"மாதாவே!" என்று யாரோ நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். சிலுவை வரைய எழுந்த மூப்பரின் கை நெற்றியிலேயே நின்றது. முடியாத செபம் வீட்டுக்குக் கூடாது என்று நம்பும் ஊர் எங்களுடையது. ஊற்றி வைத்த தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எல்லோரும் எழும்பிப் போனார்கள். அம்மா மெழுகுதிரியை ஊதி அணைத்து, படத்தைத் திரும்பவும் சுவரில் கொழுவினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் செபத்துக்கு ஆமென் இல்லை. "அவரே வந்து முடிக்கட்டும்" என்றுவிட்டு அம்மா எழும்பிவிடுவார். நாங்கள் வாயை மூடிக்கொண்டு சாப்பிடப் போவோம்.

தை மாதத்து மத்தியானம் ஒன்றில், மன்னார் பட்டினத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார்! தாடியும், யாருடையதோ சட்டையுமாக, எலும்பும் தோலுமாக. இயந்திரம் பழுதாகி, நீரோட்டம் இந்தியக் கரைக்கு இழுத்துப் போயிருந்தது. எல்லை தாண்டி வந்தவர் என்று அங்கே பிடித்து வைத்திருந்தார்கள். அனுப்பிய செய்தி எங்களுக்கு வந்து சேரவே இல்லை. வழியில் கண்ட பெரியப்பா அலறியபடி தெருவிலேயே முழந்தாளில் விழுந்தார். அம்மா மட்டும் அலறவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த கானை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடித்த பிறகு குந்தியிருந்து அழுதார். தனக்கு இளைப்பாற்றிச் செபம் நடந்த கதையைக் கேட்டு முதலில் சிரித்த அப்பாவுக்கு, கேட்டு முடியும்போது முகம் வெளிறிவிட்டது. அன்றைக்குச் செபம் அவர்தான் சொன்னார். கட்டியது நான்.

அம்மா மறித்ததால்தான் அப்பா பிழைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நீரோட்டத்துக்கு எங்கள் ஆமென் தெரியுமா என்ன? ஆனாலும் அதன் பிறகு அந்தச் சொல்லை யோசிக்காமல் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

போன வருடம் அப்பா மன்னார் ஆஸ்பத்திரியில், வயது போய், அமைதியாகக் கண்ணை மூடினார். அதே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மண் தரை போய் மாபிள் வந்திருந்தது. மூப்பர் இருந்த இடத்தில் ஒரு தம்பி கைத்தொலைபேசியைப் பார்த்து மைக்கில் செபம் வாசித்தார். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அந்த வரி வந்தது: "சமாதானத்தில் இளைப்பாறக்கடவது." சனமெல்லாம் ஒரே குரலில் ஆமென் சொல்லிவிட்டது. என் வாய் மட்டும் தன்பாட்டில் இறுக மூடிக்கொண்டது.

"பொறுங்கோ" என்றார் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா. "இன்னும் கட்டேல்லை."

மைக் பிடித்த தம்பி திடுக்கிட்டுப் போனார். பழைய கதை தெரிந்த ஒன்றிரண்டு பேர் முகம் வெளிறி என்னைப் பார்த்தார்கள். நானும் பயந்துதான் அம்மாவின் கையைப் பார்த்தேன். அது எழும்பியது. வாய்க்கு வரவில்லை, என் தோளில் வந்து இருந்தது. கருவாடு உலர்த்துவதை விட்டு எத்தனையோ காலம். இப்போது அதில் சவர்க்கார மணம் மட்டும்தான்.

"முகத்தைக் கண்டிட்டன் பிள்ளை" என்றார். "இப்ப கட்டு."

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். "ஆமென்" என்றேன். எனக்குப் பிறகுதான் அம்மா சொன்னார்.