அண்ணிக்கு வந்த அழைப்பிதழ்

எங்கள் வீட்டு வாசற்படியில் பல வருடங்களாக ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து கிடந்தது. கணுக்காலுக்கு மேல் வரை நாடா கட்டும், தடித்த அடிப்பாகம் உள்ள சப்பாத்து. வேலை முடிந்து வந்ததும் அண்ணி அதைக் கழற்றிப் படியோரத்தில் வைத்து, கால் விரல்களை ஒருமுறை விரித்து மடக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். சில நாட்களில் அதில் சேறு ஒட்டியிருக்கும், சில நாட்களில் கரி. நானும் அதே இடத்தில் வேலை முடித்து, அதே பஸ்ஸில் வந்து, என் செருப்பை அதன் பக்கத்தில் விடுவேன். என் செருப்பில் தூசிகூட இருக்காது. அந்த இரண்டு சோடிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வயிற்றெரிச்சல் என்பது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. உண்மையாகவே வயிற்றில்தான் எரிகிறது.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவர். நாங்கள் இருவரும் நகரத் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்தோம். அங்கே தீயணைப்பு வண்டிகளோடு ஒரு அம்புலன்சும் நின்றது. அண்ணி அந்த அம்புலன்சில் போகும் முதலுதவிப் பணியாளர். நான் தொலைபேசி அறையில் இருந்தேன், இன்னும் இருக்கிறேன். அம்புலன்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தை முதலில் பார்த்தவள் நான். பாடசாலைக் காலத்திலிருந்து முதலுதவி படித்தவளும் நான். தனியாகப் போகப் பயந்துதான் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய சிங்கள விண்ணப்பத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது என் கை.

தேர்வு நாளன்று, மணல் மூட்டை கட்டிய தூக்குப் படுக்கையை இருவர் இருவராக மூன்று மாடி ஏற்றச் சொன்னார்கள். தோட்டத்து மலையில் விறகு சுமந்த அண்ணி பேசிக்கொண்டே ஏறினார். எனக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. இரண்டாவது மாடியில் மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டேன். பொறுப்பதிகாரி நல்ல மனிதர். பக்கத்தில் குந்தி, தங்கையைக் கூப்பிடுவதுபோல, "நங்கி, உங்களுக்கு டெலிபோன் அறை நல்லா இருக்கும். தமிழும் சிங்களமும் ரெண்டும் வடிவாப் பேசுறீங்க" என்று சிங்களத்தில் சொன்னார். அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தொலைபேசி அறை என்றால் ஒரு ஜன்னல், இரண்டு கதிரைகள், சுவரில் ஒரு பெரிய வரைபடம். தமிழில் யாராவது அழைத்தால் என்னிடம் தள்ளிவிடுவார்கள். அழுகிற ஆளை அடக்கி இடத்தைக் கேட்பது, வண்டியை அனுப்புவது, அது போய்ச் சேரும் வரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. வண்டியின் சத்தம் அந்தப் பக்கம் கேட்டதும் தொடர்பு அறுந்துவிடும். "ஆ, வந்திட்டாங்க" என்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது, ஆள் இருக்கிறாரா இல்லையா, எனக்குத் தெரியாது. ஒரு கதையின் பயங்கரமான பாதியை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கதையை எடுக்க வேண்டும். தெரிய வேண்டுமென்றால் அண்ணியிடம் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் கேட்டேன். அவரும் சொன்னார். ஆனால் அவர் சொல்லும்போது, அந்த ஆள் தன் கையைப் பிடித்தார், அந்தத் தாய் தன் தோளில் சாய்ந்து அழுதாள் என்று சேர்த்தே சொல்வார். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஊரில் எல்லாருக்கும் அண்ணியைத் தெரிந்தது. மார்க்கெட்டில் நாங்கள் மரக்கறி வாங்கும்போது, முன்பின் தெரியாத கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து அவர் பையில் ஆறு மாங்காயைப் போட்டார். "எங்க அப்பாவ தூக்கிட்டுப் போனது நீங்கதானேம்மா?" என்றார். பக்கத்தில் நின்ற நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன். ஞாயிறு பூசையில் ஃபாதர் பிரசங்கத்தினிடையே, "நம்ம பங்கிலே ஒரு சகோதரி உயிர்களைக் காப்பாற்றுகிறார்" என்று சொன்னபோது ஆலயம் முழுவதும் நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கைத் திரும்பிப் பார்த்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்தப் பெருமையெல்லாம் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கர்வப்பட்டிருந்தாலாவது ஒரு குறை சொல்லியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேசியது ஒரு இளம் பெண். தையல் வேலை செய்பவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் கணவர் லொறியில் மூட்டை ஏற்றுபவர். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார்.

"மூச்சு இல்லீங்க! ஐயோ, மூச்சு இல்லீங்க!"

"அழாம எடத்த சொல்லுங்க."

சொன்னாள். வண்டி கிளம்பியது. அண்ணிதான் அதில். பாலத்தருகே வாகனங்கள் நெருங்கி நிற்கும் நேரம் அது. போய்ச் சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும். போனைத் தரையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் நெஞ்சின் நடுவில் வைத்து, முழங்கை மடங்காமல், முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தச் சொன்னேன். நான் எண்ணினேன், அவள் அழுத்தினாள். ஒன்றிலிருந்து முப்பது வரை, மறுபடி ஒன்றிலிருந்து.

"அக்கா, உள்ளுக்கு என்னமோ நொறுங்கிற சத்தம் கேக்குது!"

"கேக்கட்டும். விடாதீங்க."

"எனக்கு ஏலாது அக்கா, கை வலிக்குது."

"விடாதீங்க. எண்ணுங்க என்னோட. விடாதீங்க."

எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொன்னேனோ. என் தொண்டை கட்டிவிட்டது. இழுப்பு வந்தது, ஒரு கையால் மருந்தை உறிஞ்சிக்கொண்டே எண்ணினேன். கடைசியில் வண்டிச் சத்தம், காலடிகள், அண்ணியின் குரல்: "தள்ளுங்கம்மா, நான் பாக்குறேன்." தொடர்பு அறுந்தது.

அந்த மனிதர் பிழைத்தார். அண்ணி இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியை வைத்ததில், இரண்டாவது தடவையில் நாடி திரும்பியதாம். இதை நான் அண்ணியிடமிருந்து கேட்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் நிலையத்தில் எல்லாரும் அவரைச் சுற்றி நின்று கைதட்டும்போது கதவோரத்தில் நின்று கேட்டேன். அண்ணி என்னைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் மேசையில் மணி அடித்தது. போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பெண்ணின் தம்பி ஒரு அழைப்பிதழோடு நிலையத்துக்கு வந்தான். அம்புலன்ஸ் வெளியே போயிருந்ததால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். கணவர் குணமானதற்காக அவர்கள் பகுதி அம்மன் கோயிலில் பூசையும் அன்னதானமும். உறையின் மேல் நீல மையில், 'அம்புலன்ஸ் அக்கா அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. பேர் இல்லை. நான் அதை என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். மாலை கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்தேன். மாலையில் பஸ்ஸில் அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார், கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. நானும் ஒரு அக்காதானே, அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் அவளோடு இருந்தது யார் என்று மனதுக்குள் வழக்காடிக்கொண்டேன். பூசை நாளன்று லீவு போட்டு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நான் மட்டும் போனேன். அண்ணிக்கும் அன்று ஓய்வு நாள். எங்கே இந்தக் கோலத்தில் என்று கேட்டார். சிநேகிதி வீட்டுக்கு என்று பொய் சொன்னேன்.

கோயில் சிறியது. முன்னால் தகரப் பந்தல். அந்த மனிதர் மெலிந்துபோய், தோளில் துவாயோடு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவரை உயிரோடு பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நான் எண்ணிய எண்களெல்லாம் அங்கே மனித உருவத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. வருகிறவர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் நீட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"வாங்க. நீங்க யாருன்னு தெரியலீங்களே?"

"நான் அம்புலன்ஸ் ஆபீஸ்ல இருந்து வர்றேன். அன்னைக்கு போன்ல பேசினது நான்தான்."

அவள் என் கையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். ஒருவேளை தோளில் சாய்வாள் என்றுகூட. அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. தட்டு ஆடத் தொடங்கியது. குங்குமம் என் சேலையில் சிந்தியது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. ஒங்கள குத்தம் சொல்லல. நீங்க இல்லேன்னா இவரு இல்ல, அது தெரியும். ஆனா ஒங்க கொரல கேட்டதும் எனக்கு அந்த சிமெந்துத் தரைதான் ஞாபகம் வருது. தூங்கப் போனாலும் 'விடாதீங்க, விடாதீங்க'ன்னு ஒங்க சத்தம்தான் காதுல. கொஞ்சம் பேசாம இருக்கிறீங்களா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது. பிறகு என் தோளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த அக்கா வரலீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. பேச வேண்டாம் என்றுதானே கேட்டிருந்தாள். பந்தலுக்கு வெளியே வந்து, வீதியோர மதிலில் சாய்ந்து நின்று அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யாருக்கும் ஏதும் ஆச்சா?"

"இல்ல."

"அப்ப அழாம எடத்த சொல்லு."

அரை மணி நேரத்தில் த்ரீவீலரில் வந்து இறங்கினார். வீட்டில் உடுத்தும் பூப்போட்ட கவுன், தலைகூடச் சரியாக வாரியிருக்கவில்லை. நான் நீட்டிய உறையை வாங்கி, மேலே எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். "எத்தன நாளா ஒன்கிட்ட இருக்கு?" என்றார். "ஆறு நாள்." அவர் என்னைத் திட்டவில்லை. "இத நீயே குடுத்து, வாங்க அண்ணி ரெண்டு பேரும் போவோம்னு சொல்லியிருந்தா, நான் ஒன்னத்தான் முன்னுக்கு நிறுத்தியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பெண் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டதை வெளியிலிருந்து பார்த்தேன். அப்போதும் வயிறு எரிந்தது. வெட்கத்தோடு சேர்ந்து எரிந்தது, ஆனால் எரிந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அதன்பின் மூன்று வாரம் அண்ணி என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். அம்மா என்ன சண்டை என்று கேட்டுப் பார்த்து அலுத்துப்போனார். நாலாவது வாரம் ஒரு மத்தியானம் என் மேசைப் போன் அடித்தது. எடுத்தேன். "பிலிமத்தலாவ பஸ் கேஸ். ஆள் தப்பிச்சிட்டாரு" என்றார் அண்ணி, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து. வைத்துவிட்டார். அன்று மாலை இன்னொன்று: "அந்தக் கெழவி போயிட்டாங்க. வழியிலேயே." அதற்குப் பிறகு அவர் அந்த வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும், நான் அவரை அனுப்பிய ஒவ்வொரு அழைப்பின் முடிவும் எனக்கு வந்தது. யார் கையைப் பிடித்தார்கள், யார் அழுதார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு எதைக் கேட்க முடியும், எதைக் கேட்க முடியாது என்று அவர் எப்போதோ அளந்து வைத்திருந்தார்.

போன வருடம், ஒரு கனமான ஆளைச் செங்குத்தான படிக்கட்டில் இறக்கும்போது அண்ணியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகிவிட்டதாம், இனிப் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். இப்போது பிலிமத்தலாவையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறார், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். குறை சொல்வதில்லை. ஆனால் வீதியில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காது கொடுக்கிறார்.

போன கிழமை மழை. இரவுச் சாப்பாட்டின்போது, அன்று வந்த ஒரு அழைப்பைப் பற்றி நானாகவே சொன்னேன். அலவத்துகொடவிலிருந்து ஒருவர், "உம்மாக்கு மூச்செடுக்க ஏலாம இரிக்கி" என்று அழைத்திருந்தார். வண்டி அக்குறணையில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, அந்த உம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

"எந்தப் பக்கத்தால போனாங்க?" என்றார் அண்ணி.

"மெயின் ரோட்டால."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தாடை இறுகியது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் கண்ணாடியில் பார்த்த முகம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்தச் சந்தோஷத்தை விழுங்கச் சோறு தேவைப்பட்டது.

"நீங்க இருந்திருந்தா எப்படிப் போயிருப்பீங்க அண்ணி?"

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை என்று தெரிந்ததும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீரில் விரலைத் தொட்டு மேசையில் கோடு போட ஆரம்பித்தார். இங்கே திரும்பணும், இந்தப் பள்ளிவாசலுக்கு மேலால ஒரு சின்ன ரோடு ஏறுது, அது மழைக்கு நனையும், ஆனா முங்காது. சொல்லச் சொல்ல அவர் குரல் பழைய குரலானது. கோடு காய்ந்துபோனதும் மறுபடி போட்டுக் காட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் சுவர் வரைபடத்தில் அந்த வழியைச் சிவப்புப் பென்சிலால் இழுத்தேன். புதிய டிரைவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டு, "நல்ல வழி அக்கே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"நான் இல்ல" என்றேன். "எங்க அண்ணி சொன்னது."