மூன்றாம் வார்டின் மூக்கு

ஒத்தீலியா பர்ரகான் ரியோ செக்கோ நகரசபைக்கு நான்கு தடவை நின்று நான்கு தடவையும் தோற்றவள். தோற்றதை அவள் ஒளித்ததும் இல்லை. தன் படம் போட்ட தேர்தல் பலகைகளைத் தூக்கி எறியாமல் கோழிக்கூட்டுக்குக் கூரையாக வேய்ந்துவிட்டாள். நான்கு ஒத்தீலியாக்கள், வயது ஏற ஏறச் சிரிப்பு குறைந்தபடி, கோழிகளுக்குக் காவல் கிடந்தார்கள்.

"என் பெண்டாட்டி எதுக்கும் பிரயோஜனப்படலைன்னு யாரு சொன்னா? ஒரு கோழியாவது நனைஞ்சிருக்கா?" என்பான் புருஷன் எலிசேயோ. அவன் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவன். வாயை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

பத்தொன்பது வயதில் மெக்சிகோவிலிருந்து எல்லைக்கு வடக்கே இந்த ஊருக்கு வந்தவள் ஒத்தீலியா. இருபத்தாறு வருஷம் பீச் பழக் கொட்டகையில் நின்று தரம் பிரித்தாள். முதல் தரம் பெட்டிக்கு, இரண்டாம் தரம் டப்பாவுக்கு, மூன்றாம் தரம் மாட்டுக்கு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மனிதர்களையும் பிரிப்பாள். மேயர் மெர்வின் சில்வேராவை முதல்முறை பார்த்தபோதே, "மாட்டுக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மழைநீர் வடிகால். தண்டவாளத்துக்குத் தெற்கே அவள் குடியிருந்த ஓல்மோ தெருவில் ஜனவரி வந்தால் முழங்கால் தண்ணீர். பிள்ளைகள் காலில் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். இதைச் சொல்ல இருபது வருஷமாக நகரசபைக் கூட்டத்துக்குப் போனாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். மேடையில் பச்சை விளக்கு எரியும், மஞ்சள் எரியும், சிவப்பு எரிந்ததும் மேயர் மணியைத் தட்டுவார். "நன்றி, உங்க நேரம் முடிஞ்சுது." இருபது வருஷத்தில் அவள் ஒரு வாக்கியத்தைக்கூட முடித்தது கிடையாது. சரி, நாமே அந்த நாற்காலியில் உட்காருவோம் என்று நின்றாள், தோற்றாள்.

தோற்காமல் என்ன செய்வாள்? ஊர் முழுக்க ஒரே தொகுதி. எல்லா நாற்காலிக்கும் எல்லோரும் ஓட்டுப் போடலாம். தெற்கே ஜனம் அதிகம், ஓட்டு குறைவு. பாதிப் பேருக்குக் குடியுரிமை இல்லை, மீதியில் பாதி அன்றைக்கு ஆலிவ் பறிக்கப் போயிருக்கும். வடக்கே ஜனம் குறைவு, ஆனால் ஓட்டுப் போடச் சக்கர நாற்காலியிலும் வந்துவிடுவார்கள். ஆக, ஐந்து கவுன்சிலர்களும் வடக்கே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய ஒரே சந்திலிருந்து வந்தார்கள். கவுன்சிலர்களில் மூன்று பேர் முன்னறிவிப்பில்லாமல் ஓரிடத்தில் கூடிச் சபை விஷயம் பேசக்கூடாது என்பது மாநிலச் சட்டம். அதனால் அந்தச் சந்தில் யாராவது கறி சுட்டால் இரண்டு கவுன்சிலர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் அடுத்த இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. ஊரை வார்டுகளாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் கோர்ட்டில் பார்ப்போம் என்று நாலு பக்கத்தில் மரியாதையாக எழுதியிருந்தார். சபை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியது. வெளியே வந்த மேயர் சில்வேரா, "நம்ம ஊர்ல வடக்கு தெற்குன்னு பேதமே கிடையாது. இருந்தாலும் பிரிச்சுடலாம்" என்றார்.

வார்டு கோடுகளை வரைய வந்தவன் காரோ என்ற ஆர்மீனியப் பையன். முப்பது வயசு இருக்கும், கையில் மடிக்கணினி. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைக்கு மேஜை ஊர்ப்படத்தையும் கலர்ப் பேனாக்களையும் வைத்து, "யார் வேணும்னாலும் வரையலாம்" என்றான். அந்தக் கூடத்தில் இவ்வளவு உற்சாகத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஒரு தாத்தா ஊருக்குப் பதிலாகக் குதிரையே வரைந்து வைத்தார்.

ஒத்தீலியாவின் கோடு ஓல்மோ தெரு விழும் மூன்றாம் வார்டைச் சுற்றி நேராகத்தான் வந்தது. வாய்க்கால் அருகே வந்ததும் சட்டென்று திரும்பி, வாய்க்காலைத் தாண்டி, தக்காளி ஆலைக்குப் பக்கத்திலிருந்த ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தை வளைத்துக்கொண்டு மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

"இது என்னம்மா, மூக்கு மாதிரி?" என்றான் காரோ.

"அங்கதான் என் கொமாத்ரே கூக்கா இருக்கா."

ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி ஞானத்தாயாக நின்றுவிட்டால் இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே, அவர்கள் புருஷன்மார் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவளோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம், கொமாத்ரேயோடு முடியாது. அதுவரை வாடி போடி என்று கூப்பிட்டவர்கள்கூட ஞானஸ்நானத் தண்ணீர் குழந்தையின் தலையில் விழுந்த கணத்திலிருந்து நீங்க, வாங்க என்று மாறிவிடுவார்கள். ஒத்தீலியாவின் இரண்டாவது மகளை ஏந்தி நின்றவள் கூக்கா. நான்கு தேர்தலிலும் ஆட்களுக்குச் சோளமாவுத் தமாலே அவித்தவள், வீடு வீடாக ஏறி இறங்கியவள், நாய்க்கடி வாங்கியவள்.

"ஒருத்தருக்காகக் கோட்டை வளைக்க முடியாதும்மா. ஒட்டி வாழுற சமூகத்தைப் பிரிக்கக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. ஆனா சமூகம்னா ரெண்டு பேர் இல்ல."

"எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டாள் ஒத்தீலியா.

அடுத்த விசாரணைக் கூட்டத்துக்கு முப்பத்தொரு ஞானஸ்நானப் போட்டோக்களோடு வந்தாள். ஓல்மோ தெருப் பெண் ஏந்தியிருக்கும் குழந்தை கூக்காவின் கட்டடத்துக் குழந்தை, கூக்காவின் கட்டடத்துப் பெண் ஏந்தியிருக்கும் குழந்தை ஓல்மோ தெருக் குழந்தை. ஒவ்வொன்றாக மேடைமேல் அடுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தபோது பதினெட்டாவது குழந்தை. மேயர் மணியைத் தட்டினார். பின்னால் வரிசையில் நின்றிருந்த கூக்கா பத்தொன்பதாவது குழந்தையிலிருந்து தொடங்கினாள்.

சபைக்கு இதிலெல்லாம் மனசில்லை. எப்படி வரைந்தாலும் ஐந்து கவுன்சிலர்களும் ஒரே வார்டில் விழுகிறார்கள் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருந்தது. ஒருவர் அவசர அவசரமாக மாமியார் வீட்டுக்கே குடிபோய்விட்டார். அந்த அமளியில் மூக்கு அப்படியே நிறைவேறியது.

ஆகஸ்டில் மனுத் தாக்கல். வார்டு வாக்காளர்கள் இருபது பேர் கையெழுத்து வேண்டும். ஒத்தீலியா இருபத்து மூன்று வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து நகரசபை அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரை அடித்தாள்.

"எலிசேயோ பர்ரகான் செல்லாதுங்க. ஒருத்தர் ஒரு வேட்பாளருக்குத்தான் போடலாம். இவர் ஏற்கெனவே வேற ஒருத்தருக்குப் போட்டுட்டார்."

"அது என் புருஷன்!"

"அது எங்களுக்குச் சம்பந்தமில்லைங்க."

"வேற யாருக்குப் போட்டார்?"

எழுத்தர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். ரெஃபூஹியோ மல்தொனாதோ. அதாவது கூக்கா.

வீட்டில் எலிசேயோ கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். "தமாலே கொண்டுவந்தாங்க. கையில காகிதம் இருந்துச்சு. போடுங்க கொம்பாத்ரேன்னாங்க, போட்டேன். நான் என்னத்தைக் கண்டேன்?"

"படிச்சுப் பார்க்க மாட்டியா?"

"முப்பத்தஞ்சு வருஷமா நீ நீட்டினதையெல்லாம் படிச்சுப் பார்த்தா போட்டேன்?"

ஒத்தீலியா வாய்க்காலைத் தாண்டி நடந்தாள். கூக்கா கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில், பிறர் துணியை இயந்திரத்திலிருந்து எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் அவள் கையெழுத்தில் விதிகள் ஒட்டியிருந்தன: ஒருவருக்கு நாற்பது நிமிஷம்.

"வாங்க கொமாத்ரே. காபி சாப்பிடுறீங்களா?"

"நீங்க பண்ணினதுக்கு விஷம் குடுத்தாக்கூடச் சாப்பிடுவேன் கொமாத்ரே."

"அய்யோ, உங்களுக்கு நான் விஷம் குடுப்பேனா? சர்க்கரை எவ்வளவு?"

"உங்களை இந்த வார்டுக்குள்ள இழுத்துக்கிட்டு வந்தது நான். முப்பத்தொரு போட்டோ வச்சு, அந்தக் காரோ பையன் காலைப் பிடிக்காத குறையா இழுத்தேன். கோடு நேரா போயிருந்தா நீங்க மனு போட்டிருக்க முடியுமா?"

"முடியாதுதான். அதுக்கு உங்களுக்கு எப்பவும் கடமைப்பட்டிருக்கேன்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை வரைபடம் போட்டுச் செய்திருந்தாள் ஒத்தீலியா.

கூக்கா உட்காரவில்லை. "நாலு தடவை தமாலே அவிச்சேன் கொமாத்ரே. நாலு தடவை நடந்தேன். ஒரு தடவையாவது, கூக்கா, நீங்க நிக்கிறீங்களான்னு கேட்டீங்களா? முன்னாடி ஊர் முழுக்க எதிரிங்க, சரி, நமக்கு ஒரு ஆள் போதும்னு நானும் விட்டேன். இப்பத்தான் ஜெயிக்கிற இடமாச்சே."

"எனக்கு அறுபத்து ரெண்டு வயசு. இதை விட்டா எனக்கு வேற தேர்தல் கிடையாது."

"எனக்கு அறுபத்து நாலு" என்றாள் கூக்கா.

காபியைக் குடித்துவிட்டுத்தான் ஒத்தீலியா கிளம்பினாள். குடிக்காமல் போனால் அது சண்டை ஆகிவிடும்.

அந்த மூன்று மாசப் பிரச்சாரம் மாதிரி ஒரு விசித்திரத்தை ரியோ செக்கோ கண்டதில்லை. கொமாத்ரேயை நாலு பேர் முன்னால் இழித்துப் பேசுவது பாவம். அதனால் இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்தே கொன்றார்கள். "என் கொமாத்ரே மாதிரி தமாலே யாராலயும் அவிக்க முடியாது, அவங்களை அடுப்படியிலேர்ந்து பிரிக்கிறது ஊருக்கே நஷ்டம்" என்று ஒத்தீலியா ஒலிபெருக்கியில் சொல்வாள். "என் கொமாத்ரேக்கு நாலு தேர்தல் அனுபவம் இருக்கு, தோக்கிறது எப்படின்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்பாள் கூக்கா. முப்பத்தொரு குழந்தைகளின் தாய்மார்களும் ஞானத்தாய்மார்களும் எந்தப் பக்கம் நிற்பது என்று புரியாமல் மாதா கோவிலில் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

தபால் ஓட்டுகளை எண்ணி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. வடக்கத்தி ஆட்களிடம் தோற்றால் அநியாயம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொந்த ஜனத்திடம் தோற்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அந்த மூன்று வாரமும் ஒத்தீலியா கோழிக்கூட்டுப் பக்கமே போகவில்லை.

முடிவு வந்தது. ஒத்தீலியா 211, கூக்கா 205.

வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கைப் படித்த எலிசேயோ விழுந்து விழுந்து சிரித்தான். ஓல்மோ தெருப் பக்கம் கூக்காவுக்கு 131, ஒத்தீலியாவுக்கு 118. மூக்கிலோ ஒத்தீலியாவுக்கு 93, கூக்காவுக்கு 74. இருபது வருஷம் ஒத்தீலியாவின் ஒலிபெருக்கியும் அவள் சேவலும் கேட்டவர்கள் கூக்காவுக்குப் போட்டிருந்தார்கள். கூக்காவின் நாற்பது நிமிஷ விதியில் ஈரத்துணி வெளியே வந்தவர்கள் ஒத்தீலியாவுக்குப் போட்டிருந்தார்கள்.

"வார்டுன்னா இதுதான் போல" என்றான் எலிசேயோ. "ஆளைத் தெரிஞ்சவன் ஓட்டுப் போடுறது."

மூக்கு இல்லாமல் இருந்திருந்தால் எதிர்த்து ஆளில்லாமலே ஜெயித்திருப்பாள். மூக்கு இருந்ததால், மூக்கு போட்ட ஓட்டில் ஜெயித்தாள். ஒத்தீலியா இதை இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தலைவலி என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் கூக்காவின் தேர்தல் பலகைகள் ஒரு கட்டாக வாசலில் கிடந்தன. மேலே ஒரு சீட்டு: 'கூட்டில் மேற்குப் பக்கம் இன்னும் ஒழுகுகிறதாமே.' எலிசேயோ அன்றைக்கே ஏணியைச் சார்த்தினான்.

ஜனவரி, முதல் கூட்டம். வெளியே அடைமழை. ஒத்தீலியா மேடையில், பெயர்ப்பலகைக்குப் பின்னால், புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுச் சபையிலும் மேயராகத் தேர்வான சில்வேரா பக்கத்து நாற்காலியில். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் முதலில் எழுந்து வந்தவள் கூக்கா. முழங்கால்வரை நனைந்திருந்தாள்.

"என் பேர் ரெஃபூஹியோ மல்தொனாதோ. மூணாம் வார்டு. எங்க கட்டடத்து வாசல்ல தண்ணி நிக்குது. ஓல்மோ தெரு வடிகாலுக்கு இன்னைக்குத் தீர்மானம் கொண்டுவரப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். அந்த வடிகால் வாய்க்காலோட நிக்குது. எங்களை வளைச்சுப் பிடிக்க வாய்க்காலைத் தாண்டிக் கோடு வந்துச்சே, குழாய் மட்டும் தாண்டாதா?"

அவள் பேசிக்கொண்டே போனாள். மஞ்சள் எரிந்தது. சிவப்பு எரிந்தது. நிறுத்தவில்லை. மேயர் மணிக்குக் கை நீட்டியவர், என்ன நினைத்தாரோ, மணியை ஒத்தீலியா பக்கம் மெல்ல நகர்த்தினார். "உங்க வார்டு, உங்க கொமாத்ரே. நீங்களே சொல்லிடுங்களேன்."

ஒத்தீலியா அந்த மணியைப் பார்த்தாள். இருபது வருஷம் கேட்ட மணி. கிட்டத்தில் பார்க்க, ஓட்டல் வரவேற்பு மேஜையில் இருப்பது மாதிரி ஒரு அற்பச் சாமான்.

அவள் அதைத் தட்டவில்லை. ஒலிவாங்கியிடம் குனிந்து, "கொமாத்ரே, உங்க நேரம் முடிஞ்சுது" என்றாள்.

யாரோ "அடிப்பாவி" என்றார்கள்.

"தெரியுது கொமாத்ரே. கலர் எனக்கும் தெரியும்" என்றாள் கூக்கா.

"கையில வச்சிருக்கிற பேப்பரைக் குடுங்க. உங்க நேரம்தானே முடிஞ்சுது, என் நேரம் இருக்கில்ல?"

கூக்கா மேடைக்கு வந்து காகிதங்களை நீட்டினாள். "பத்திரம். நாலு வருஷம் கழிச்சு எனக்குத் திருப்பி வேணும்."

"எதை, பேப்பரையா?"

"நாற்காலியை."

கூக்கா போய் முதல் வரிசையில், கைப்பிடி உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது வருஷமாக ஒத்தீலியா உட்கார்ந்த நாற்காலி அது. மேயர் விதிப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். கவுன்சிலர்கள் பேசுவதற்குச் சிவப்பு விளக்கு உண்டா என்று தேடினார். கிடையாது.

காகிதம் எட்டுத் தாள், இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. ஒத்தீலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தன் ஓல்மோ தெருத் தீர்மானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கூக்காவின் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.