அடைப்பு நீக்கம்

எங்கள் அக்காவின் கல்யாணப் பிரியாணி வாய்க்காலோடு போயிற்று. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் இன்றும் யாராவது இதைச் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவர்கள் நினைத்துக்கொள்வது பிரியாணியை அல்ல.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செம்பட்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் திண்டுக்கல்லில் ஒரு தோல் குடோனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாருக்கு அரசாங்கத்திடமிருந்து எது வந்தாலும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை தமக்குள் படிப்பார், பிறகு சத்தமாகப் படிப்பார், அதற்குப் பிறகு அதன் அர்த்தத்தைச் சொல்வார். இந்த மூன்றாவதுக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். அரசாங்கம் தமிழில்தான் எழுதுகிறது என்றாலும் அதை அத்தா மறுபடியும் தமிழில் சொன்னால்தான் எங்களுக்கு விளங்கும்.

அக்காவுக்கு ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். சமையல் பொறுப்பு மாமுவுடையது. அம்மாவின் தம்பி. திண்டுக்கல் பிரியாணிக் கடையொன்றில் மாஸ்டராக இருந்தார். அவருக்கு ஒரே கவலை, காற்று. ஆவணியில் மலைப்பக்கமிருந்து அடிக்கிற மேல்காற்று எங்கள் ஊரில் கூரையைக்கூடத் தூக்கிவிடும். திறந்த வெளியில் விறகடுப்பு மூட்டினால் தீ பிரியாணி வேகிற தேக்சாவுக்கு அடியில் நிற்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்றார். தெருவோ இரண்டு வண்டி விலக முடியாத தெரு. சுற்றிலும் மக்காச்சோளம் நின்றது.

அப்போதுதான் அவர் கண்ணில் வாய்க்கால் பட்டது. இரண்டு வருடமாகத் தண்ணீர் வராமல் மணல் பரப்பாகக் கிடந்தது. ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம். மேலே காற்று ஊளையிட்டாலும் உள்ளே இலைகூட அசையாது. பக்கத்திலேயே சின்னப் பாலம், அதற்கடியில் நிழல். கல்யாணத்துக்கென்றே வெட்டினாற்போல் இருக்கிறது என்று மாமு சந்தோஷப்பட்டார்.

ஆனால் பாலத்தை ஒட்டிய மதகுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாமு அதைப் பார்த்துவிட்டு அத்தாவைக் கையோடு கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். பசை காய்ந்து சுருங்கிய தாளில், பராமரிப்புப் பணி தொடர்பாக மேற்படி வாய்க்காலில் அடைப்பு நீக்கம் மேற்கொள்ளப்படவிருப்பதாகவும், பொதுமக்கள் ஒத்துழைக்குமாறும் எழுதியிருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் முத்திரையை அழுத்திக் குத்தியிருந்தார்கள்.

அத்தா தமக்குள் படித்தார். சத்தமாகப் படித்தார். பிறகு சொன்னார்.

"பாலத்துக்கடியில மண்ணும் குப்பையும் அடைச்சுக் கிடக்குல்ல, அத எடுக்கப் போறாக. வேலை முடியிற மட்டும் தண்ணி விடமாட்டாக. நீ தாராளமா அடுப்பு வெட்டு."

அம்மாவுக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. எதற்கும் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன என்றார். எழுதியே போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன கேட்பது என்று அத்தா சொல்லிவிட்டார்.

அத்தா சொன்னது அப்படியே நடக்கவும் செய்தது. அந்த வாரமே ஒரு ஜேசிபி வந்து பாலத்துக்கடியில் கிடந்த மண்ணையும் முள்ளையும் வழித்துக் கரைமேல் போட்டுவிட்டுப் போனது. அத்தா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜேசிபியை அவரே வரவழைத்தது மாதிரி இருந்தது அவர் முகம். பாலத்தடி கூட்டித் தெளித்த முற்றம் போலாகிவிட்டது.

கல்யாணத்தன்று விடிந்ததுமே வாய்க்காலுக்குள் செங்கல் அடுப்புகள் எரியத் தொடங்கின. வெங்காயம் உரிக்கிற பெண்கள் பாலத்தடி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமுவின் மனைவி, எங்கள் மாமி, தன் கைக்குழந்தையையும் அங்கேதான் கொண்டுவந்தார். பாலத்தின் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் சேலையைக் கட்டித் தூளியாக்கிக் குழந்தையைப் போட்டார். வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, குழந்தை உடனே தூங்கிவிட்டது. அக்காவுக்குத் தலை பின்ன மாமி வீட்டுக்குப் போனார். வெங்காய வேலை முடிந்ததும், குளித்துச் சேலை மாற்ற மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தூளி பின்பக்கமாக, இருட்டுக்குள் தொங்கியதால் போகிறவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நானும் மற்றப் பிள்ளைகளும் பாலத்துக்கு மேலே நின்று மாப்பிள்ளை வீட்டு வேன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாமு தேக்சாக்களின் வாயை மாவு வைத்து ஒட்டி, மூடிமேல் கங்கு அள்ளிப்போட்டுத் தம் கட்டியிருந்தார். சீரகச் சம்பா வாசனை கரைமேல் ஏறி வந்தது.

மேற்கே கரையோரமாக ஓர் ஆள் ஓடிவந்தான். ஆடு மேய்க்கிறவன். துண்டைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே வந்தான். காற்றில் அவன் கத்துவது கேட்கவில்லை. வாசனை பிடித்து வருகிறான், இவனுக்கு முதல் தட்டு வைத்துவிடலாம் என்று மாமுவின் ஆட்கள் சிரித்தார்கள்.

அவனுக்குப் பின்னாலேயே தண்ணீர் வந்தது.

நான் நினைத்துவைத்திருந்த வெள்ளம் அலையாக எழும்பி வருவது. இது அப்படி வரவில்லை. காய்ந்த இலைகளையும் ஒற்றைச் செருப்பையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, மணலை நக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்தது. முதல் அடுப்பைத் தொட்டதும் உஸ்ஸென்று ஆவி எழும்பியது. அடுத்த அடுப்பு, அதற்கடுத்தது. சாம்பலும் புகையும் கிளம்பி ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்தபோது மாமு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஆட்களோடு சேர்ந்து ஒரு தேக்சாவைக் கழியில் கோத்துத் தூக்கப் பார்த்தார். அது சரிந்தது. மாவு ஒட்டு விட்டு மூடி கழன்று, மஞ்சளும் வெள்ளையுமாகச் சோறு பழுப்புத் தண்ணீரின் மேல் விரிந்தது.

நாங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது என் காலுக்கடியிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் வந்தது.

பாலத்துக்குள்ளிருந்து வந்ததால் அது குழந்தைச் சத்தம் போலவே இல்லை. குடத்துக்குள் யாரோ அழுவது போல இருந்தது. அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து மாமி ஓடிவந்தார். ஒரு கையில் அக்காவுக்கு வைக்க வேண்டிய பூ இருந்தது.

"பாலத்துக்கடியில பிள்ள இருக்கு."

அவர் கத்தவில்லை. மாமு தலையைத் திருப்பி மாமியைப் பார்த்தார். சொன்னது அவருக்குள் போய்ச் சேரவில்லை. கழியைப் பிடித்தபடியே நின்றார்.

அத்தா குதித்தார். பந்தல் வாசலில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க நின்றிருந்தவர். சளியென்று சொல்லி மழையில்கூட நனையாத மனிதர். தண்ணீர் அதற்குள் அவர் இடுப்பைத் தாண்டியிருந்தது. பாலத்தடியில் நுழைந்து மறைந்தார். அவருக்குப் பின்னால் எரிந்து அணைந்த விறகுக் கட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு உள்ளே போயின.

அழுகை நின்றுவிட்டது.

எல்லோரும் பாலத்தின் மறுபக்கம் ஓடினோம். தண்ணீர் வெளியே வந்தது. கட்டைகள் வந்தன. வெங்காயத் தோல் கூடை கூடையாக வந்தது. காலித் தூளிச் சேலை மட்டும் நீளமாக விரிந்து மிதந்து வந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அம்மா மாமியைப் பிடித்துக்கொண்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமு பந்தல் கயிற்றை அறுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமிருந்து உள்ளே போனார். ஆடு மேய்க்கிறவனும் சமையல் ஆட்களும் கரையில் கயிற்றைப் பிடித்தார்கள். கயிறு விறைத்தது, தொய்ந்தது, மறுபடி விறைத்தது. அப்புறம் உள்ளேயிருந்து குழந்தை வீரிட்டது. அந்த மாதிரி ஓர் அழுகைக்கு அவ்வளவு பேர் அல்லாவுக்கு நன்றி சொன்னதை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அத்தா ஒரு கையால் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழந்தையைத் தோள்மேல் ஏந்தி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறார். கட்டை மோதித் தொடை கிழிந்திருந்தது. வெளியே இழுத்துப் போட்டபோதும் குழந்தையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் மாமி பிள்ளையை வாங்கினார்.

மாப்பிள்ளை வீட்டு வேன்கள் அப்போதுதான் வந்து நின்றன.

சம்பந்தி கறாரான மனிதர் என்று பெயர். அவர் இறங்கி வாய்க்காலைப் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பிரியாணி மிதந்தது. சின்ன மீன்கள் வந்து கொத்தின. ரத்தமும் சேறுமாகக் கிடந்த அத்தாவைப் பார்த்தார். வாய்க்காலைக் கவனித்துக்கொள்கிற லஸ்கரும் மொபெட்டில் வந்து சேர்ந்திருந்தார். பயத்தில் அவருக்கு நாக்குக் குழறியது. மேலே தலைமதகில் பராமரிப்புக்காகப் போட்ட அடைப்பை நீக்கப்போவதாகத்தான் நோட்டீஸ் ஒட்டினோம், இங்கே அடுப்பெரிவது தமக்குத் தெரியாது என்றார். அப்படியானால் ஜேசிபி எதற்கு வந்தது என்று யாரோ கேட்டார்கள். அது பஞ்சாயத்து வேலை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

சம்பந்தி எங்கள் பக்கம் திரும்பினார். நோட்டீஸ் ஒட்டியும் இப்படிச் செய்திருக்கிறீர்களே, அதை யாரும் படிக்கவில்லையா என்று கேட்டார்.

அத்தா கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். உதடு அசைந்தது. அதற்கு முன் மாமு அவருக்கும் சம்பந்திக்கும் நடுவில் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒட்டித்தான் இருந்தாக. நாந்தான் பாக்காம அடுப்ப வெட்டிப்புட்டேன். மச்சாங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அவுக சொல்லியிருப்பாக."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை நடந்ததெல்லாம் தண்ணீர் செய்தது. இது ஒரு பெரிய மனிதர் எல்லோர் முன்னாலும் கூசாமல் சொன்ன பொய். மாமு கேட்டார், அத்தா படித்துச் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. மோதிரம் பல்லில் இடிக்கும் அளவுக்கு அழுத்திப் பொத்தியது.

சம்பந்தி மாமுவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அத்தாவைப் பார்த்தார். மெதுவாக அத்தாவிடம் போய்க் குனிந்து தோளைத் தொட்டார். பிள்ளை பிழைத்ததே போதும், முதலில் காலுக்குக் கட்டுப் போடுங்கள், நிக்காஹை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

தெருவில் எல்லா வீட்டிலும் உலை வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சோறும் சாம்பாரும் அப்பளமும் சாப்பிட்டார்கள். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதாக அவர்கள் ஊரில் போய்ச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, சம்பந்தியே சிரித்துவிட்டார்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கட்டுப்போட்ட காலை நீட்டிப் பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தாவிடம் மாமு ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துவந்தார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மாமு உருளைக்கிழங்கையெல்லாம் அத்தாவின் பக்கமே ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தார். கறி இல்லாத சோறு மாமுவுக்கு இறங்கவில்லை என்று நினைத்தேன். அத்தா ஒரு வாய் வைத்தார். அதை விழுங்க முடியாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் தட்டில் சொட்டியது.

சாம்பாரில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று, நான் ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.